லேபிளில் நீ வைத்த கட்டைவிரல்

தம்பி,

நீ அனுப்பிய கூரியர் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. உறையின் நான்கு ஓரங்களையும் தடவிப் பார்த்து, வழியில் யாரும் பிரித்து ஒட்டவில்லை என்று உறுதியான பிறகுதான் கத்திரிக்கோலை எடுத்தேன். கொண்டு வந்தவர் சிரித்தார். நீயும் இதைப் படிக்கும்போது சிரிப்பாய். உள்ளே உன் புது வியாபாரத்துக்கான லேபிள் மாதிரிகள் மூன்று, உன் விளம்பரக் கம்பெனி நண்பர் தட்டச்சு செய்த ஒரு தாள், "வெரசா எழுதும்மா, இருபதாம் தேதி அச்சுக்குப் போகுது" என்று உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. தாளில் நான்கு கேள்விகள் இருந்தன. நாம் யார், யாருக்காகச் செய்கிறோம், என்ன வாக்குக் கொடுக்கிறோம், மற்றவர்களிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டுவது எது. இவற்றுக்கு நாம் சொல்லும் பதில்தான் ஒரு பிராண்டின் அஸ்திவாரம், அதைப் போடாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்று அவர் அடியில் எழுதியிருந்தார். நல்ல கேள்விகள்தான். ஆனால் பதில் தெரியாதவர் கேட்பது போல இல்லை. லேபிளை வரைந்து முடித்துவிட்டு, அதற்குப் பொருத்தமான பதிலைத் தேடுகிறவர் கேட்பது போல இருந்தது.

லேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் பெரிதாக ஒரு கட்டைவிரல் ரேகை, காப்பி நிறத்தில். அதன் கீழே "அம்மாச்சி கைநாட்டு மலைப் பேரிக்காய் ஜாம்". அதற்கும் கீழே சின்ன எழுத்தில் "மூன்று தலைமுறை நம்பிக்கை". ரேகையின் குறுக்கே ஓடும் ஒரு கோட்டை அம்பு போட்டுக் காட்டி, "இந்தத் தழும்புதான் நம் கதை, உழைத்த கையின் தழும்பு" என்று உன் நண்பர் பென்சிலால் குறித்திருந்தார். மூன்று தலைமுறை என்பது பொய். என் அம்மா ஜாம் காய்ச்சினாள், நீ காய்ச்சப் போகிறாய். நடுவில் நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன், ஒரு பாட்டில்கூடக் காய்ச்சியதில்லை. அதைத் திருத்திவிடலாம். அந்தக் கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதுதான் வேறு. அதைச் சொல்ல மூன்று தடவை ஃபோனை எடுத்தேன். மூன்று தடவையும் உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அச்சுக்குப் போவதற்கு முன் நீ அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். பொறுமையாகப் படி. நடுவில் தாவாதே.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் கோடைக்கானலில் ஏரிக்கு மேலே, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஒரு பங்களாவின் பின்கட்டில் குடியிருந்தோம். என் அப்பாவுக்கு அங்கே காவல் வேலை. என் அம்மா அதற்கு முன்பு ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். அந்த அம்மாள் ஊருக்குக் கப்பல் ஏறும்போது ஜாம் காய்ச்சும் பித்தளைப் பாத்திரத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, அந்த ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு தொழில் நடத்திவிடலாம் என்று எப்படி நினைத்தாள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஆவணி, புரட்டாசியில் வில்பட்டித் தோட்டங்களிலிருந்து நாட்டுப் பேரிக்காய் வரும். கல் மாதிரி இருக்கும். அதைச் சீவி, சர்க்கரையில் ஊறப்போட்டு, நிறம் சிவக்கும்வரை அம்மா கிண்டுவாள். அடுத்த சித்திரையில் சீசன் தொடங்கும்போது அந்த பாட்டில்கள் கடைவீதியில் ராவுத்தர் கடைக்குப் போகும். அவருக்கு மளிகைக் கடை. பழனியில் உறவுக்காரர்கள் இருந்ததால் வாரம் ஒரு முறை பஸ் ஏறிக் கீழே போய் வருவார். அம்மா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், அதனால் எனக்கு மாமா. வேறு யாரும் தொட்டுப் பார்க்காத காலத்தில் அம்மாவின் ஜாமைத் தன் கடையில் கண்ணுக்கு நேரான தட்டில் வைத்தவர் அவர்தான்.

அம்மா வேலை செய்யும் விதத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஜாம் ஆறு ஏழு மாதம் கெடாமல் இருக்க, அதன்மேல் உருக்கிய மெழுகை ஊற்றி வாயை அடைப்பார்கள். மெழுகு இறுகிவிட்டதா என்று பார்க்க அம்மா நடுவில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவாள். விரலில் ஒட்டாமல் குழி மட்டும் விழுந்தால் பதம் சரி. அந்தக் குழி ரேகையோடு அப்படியே உறைந்து நிற்கும். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு நூலால் கட்டிவிடுவாள். அவ்வளவுதான். பேர் கிடையாது, லேபிள் கிடையாது. பாட்டில்களும் ஒரே மாதிரி இருக்காது. பங்களாவில் தங்கிப் போனவர்கள் விட்டுச் செல்லும் காலி பாட்டில்களை அப்பா பொறுக்கி வருவார், அம்மா வெந்நீரில் போட்டுக் கழுவி அவற்றிலேயே ஊற்றுவாள்.

எனக்குப் பதின்மூன்று வயது. மலைப் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை கிடையாது, தையில்தான் வகுப்பு மாறும்; அடுத்த தையில் எட்டாம் வகுப்புக்குப் போக இருந்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். பக்கோடா கட்டி வந்த காகிதத்தைக்கூட நீவி, எண்ணெய் ஊறிய எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பேன். மாதம் ஒரு தடவை அப்பா பழைய பத்திரிகைகளைச் சணல் கட்டாகக் கொண்டுவந்து என் முன்னால் போடுவார். எதையும் துருவிக் கேட்கிற நான், அந்தக் கட்டு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கதைகளை முடித்துவிட்டு விளம்பரங்களையும் படிப்பேன். சோப்பு, கூந்தல் தைலம், டானிக், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு படம், ஒரு வாசகம். நம் வீட்டு ஜாம் மட்டும் பெயரில்லாமல் துணியைக் கட்டிக்கொண்டு போகிறதே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் என் மார்க் அட்டையில் அம்மாதான் கைநாட்டு வைப்பாள். தான் பெற்ற பிள்ளை படிக்கிற படிப்புக்குத் தானே சாட்சி நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அட்டையை ராவுத்தர் மாமாவிடம் கொண்டுபோய், ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அங்கேயே அவருடைய மசிப்பெட்டியில் விரலைத் தோய்த்து அழுத்துவாள். அடுப்புக்கரியும் எண்ணெயும் ஏறிய விரல். அவள் அழுத்துகிற வேகத்துக்கு ரேகை எதுவும் தெரியாது, வெறும் கறைதான் விழும். வகுப்பில் அதைக் கொடுக்கும்போது கட்டத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொள்வேன்.

அதனால் அந்த வருடம் நான் ஜாமுக்கு அஸ்திவாரம் போட்டேன். பிராண்ட் என்ற சொல் எனக்குத் தெரியாது, ஆனால் நீ இப்போது செய்வதைத்தான் செய்தேன். நோட்டுப் புத்தகத்தில் இருபத்தேழு பெயர்களை எழுதி அடித்துவிட்டு, கடைசியில் "நீலமுகில் பேரிக்காய்ப் பழப்பாகு" என்று வைத்தேன். ஜாம் என்று எழுத என் தமிழ்ப் பற்று இடம் கொடுக்கவில்லை. மலையும் மேகமும் வரைந்து, கறுப்பு மையில் முத்து முத்தாக எழுதினேன். கோடைக்கானல் மூடுபனியில் மை கரைந்து ஓடும் என்று எழுத்தின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் புத்தகம் கட்டக் கற்றுக்கொடுத்தபோது தெரிந்துகொண்ட பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் போட்ட மைதாப் பசையைக் காய்ச்சி ஒட்டினேன். ஒட்டினால் ஒட்டியதுதான். வெந்நீரில் ஊறப்போட்டாலும் வராது. அதில் எனக்குப் பெருமை. ஒருமுறை பயன்படுத்திய பாட்டிலில் அழுக்கேறிய பழைய லேபிளோடு மறுபடி ஜாம் ஊற்றக் கூடாது, அசிங்கமாக இருக்கும், லேபிள் ஒட்டாத புது பாட்டில்தான் வேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான். அதற்கு மேல் ஒன்றும் செய்தேன். அம்மா மெழுகில் விரலை வைக்கக் கூடாது என்றேன்.

"அமுக்காம எப்படிடி தெரியும், எறுகிருச்சா இல்லையான்னு?" என்றாள் அம்மா.

"கடிகாரம் பாத்துச் சொல்லுதேன். வாங்குறவங்க வெரல் பட்டிருக்குன்னு அழுக்கா நெனப்பாங்கம்மா."

அம்மா தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஏங் கட்டவெரலு அழுக்காத் தெரியுதாக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவள் விரல் வைக்கவில்லை. மெழுகு கண்ணாடி மாதிரி வழவழப்பாக உறைந்தது.

சித்திரை வந்தது. ராவுத்தர் மாமா என் லேபிளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பழப்பாகு என்று எழுதியிருந்ததால் முதல் வாரத்தில் இரண்டு பேர் அது இருமலுக்கா என்று கேட்டதாகவும், ஒருவர் தூங்கப் போகும்போது எத்தனை கரண்டி என்று கேட்டதாகவும் சொன்னார். ஆனாலும் பாட்டில்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஒருநாள் அவர், "ஒரு லேபிளு மட்டும் தனியாக் குடு பாப்பா, ஒரு சோலி இருக்கு" என்று கேட்டு வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். என்ன சோலி என்று சொல்லவில்லை. அதே சமயத்தில்தான் ஒரு பெரிய பள்ளிக்கூட விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மாள் ஜாமைச் சுவைத்துவிட்டு, அடுத்த காய்ப்பிலிருந்து விடுதிப் பிள்ளைகளுக்கு வருடம் முழுவதும் நீயே கொடு என்று அம்மாவிடம் சொன்னார். சீசன் முடிந்ததும் வந்து உறுதி செய்துகொள்ளச் சொன்னார். அம்மா அன்றே வில்பட்டிக்கு நடந்து போய், அடுத்த ஆவணிக் காய் முழுவதும் தனக்குத்தான் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டு வந்தாள். அவள் அப்படி நிமிர்ந்து நடந்து வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விடுதி கிடைத்துவிட்டால் அது சீசனை நம்பிய கைவேலையாக இருக்காது, அவளுக்கென்று ஒரு தொழிலாகிவிடும்.

வைகாசியில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ராவுத்தர் கடைக்கு வந்து ஒரு பாட்டிலைப் பலகைமேல் வைத்தது. நான் அங்கேதான் நின்றேன். என் லேபிள், என் எழுத்து, என் மலை, என் மேகம். உள்ளே பூசணிக்காயும் சாயமும், புளித்து நுரை கட்டிக் கிடந்தது. பழனி அடிவாரத்தில் ஒரு தள்ளுவண்டியில் வாங்கியதாம். இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அம்மா பழனிக்கு ஒரு பாட்டில்கூட அனுப்பியதில்லை. ராவுத்தர் மாமா அந்த பாட்டிலைக் கையில் எடுத்து, மேலே ஒட்டிக்கொண்டிருந்த மெழுகை வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மாறியது. அந்த மாற்றத்தை நான் குறித்துக்கொண்டேன்.

நிஜமாகவே குறித்துக்கொண்டேன். "சந்தேகங்கள்" என்று தலைப்பிட்ட நோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. படித்த துப்பறியும் கதைகளில் செய்வது போல எண் போட்டு எழுதியிருக்கிறேன். முதல் பெயர் ரா. மாமா. காரணம்: வாரம் தவறாமல் பழனி போகிறார். காரணம்: லேபிள் ஒன்றைத் தனியாக வாங்கினார், எதற்கு என்று சொல்லவில்லை. காரணம்: கெட்ட பாட்டிலைப் பார்த்ததும் முகம் மாறியது. இரண்டாவது பெயர் பால்காரர். காரணம்: இன்னும் தெரியவில்லை, ஆனால் எப்போதும் சிரிக்கிறார். மூன்றாவது என்று எண் மட்டும் போட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒரு காரணத்துக்கும் அடுத்த காரணத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். அவ்வளவு நேர்த்தியாக ஒரு தப்பைச் செய்தவள் நான்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் கடைக்குள் ஏறி, நாலு பேர் சாமான் வாங்கிக்கொண்டிருக்கும்போது, "மாமா, நீங்க வாங்குன லேபிள எதுல ஒட்டுனீங்க?" என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. நான் புரியவைத்தேன். பழனி, பஸ், லேபிள், முகம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சாமான் வாங்க நின்றவர்களில் என் வகுப்பு டீச்சரும் இருந்தார். ராவுத்தர் மாமா முக்காலியைப் போட்டு ஏறி, தட்டில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கி என் முன்னால் வைத்தார்.

"அம்மாட்ட குடு பாப்பா. சந்தேகம் தீர்ற மட்டும் இது இங்க இருக்க வேணாம்" என்றார்.

அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறும்போது நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். வீட்டில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். திரும்பி வந்து அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. இரண்டு நாளில் விடுதி அம்மாளிடமிருந்து ஆள் வந்தது. கடைக்காரரே இறக்கிவைத்த சரக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது, இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கெட்ட பாட்டில் செய்ததைவிட, நான் கடைவீதியில் நின்று சொன்னதுதான் அதிகம் செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பங்களாவின் பின்வாசலில் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். பழைய பேப்பரும் பாட்டிலும் வாங்கிக் கீழே கொண்டுபோகும் மாயாண்டி, சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். அப்பா காலி பாட்டில்களை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் என் மலையும் மேகமும். பங்களாவில் தங்கியவர்கள் தின்று தீர்த்தவை. நான் போட்ட சட்டப்படி வீட்டுக்கு உதவாதவை.

"லேபிளு உள்ளதாப் பாத்து எடுத்து வைங்கண்ணே. பழனியில இதுக்குன்னே ஒரு ஆளு கேக்கான். லேபிளு இல்லாதது சும்மா கெடக்கு, எவனும் சீண்ட மாட்டேங்கான்" என்றார் மாயாண்டி.

அப்பா சரி சரி என்று தலையாட்டினார். எதற்கு அந்த ஆள் கேட்கிறான் என்று யோசிக்கத் தெரியாத மனிதர். பாட்டிலுக்குப் பதிலாக மாயாண்டி தன் மூட்டையிலிருந்து பழைய பத்திரிகைச் சணல் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அப்பா கட்டைப் பிரித்து ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எம்மவ கதை இல்லாட்டி மொகத்தத் தூக்கிக்கிடுவா, தொடர்கதை உள்ளதாக் குடப்பா" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துப்பறியக் கற்றுக்கொடுத்த கதைகள் எல்லாம் அந்தச் சாக்கு வழியாகத்தான் என்னிடம் வந்திருந்தன. மூன்றாவது எண்ணுக்கு எதிரில் எழுத வேண்டிய பெயர் என்னுடையது. காலி பாட்டிலுக்கு விலை வரவைத்ததே என் லேபிள்தான்.

ராவுத்தர் மாமாவிடம் நான் தனியாகத்தான் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், சாக்கு, பத்திரிகை எதையும் விடவில்லை. அவர் கேட்டுவிட்டு மேசையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் கொடுத்து என் லேபிளை அச்சில் போடச் சொல்லியிருக்கிறார். முதல் படி வந்திருந்தது. பெருநாளுக்கு அம்மாவிடம் கொடுக்க நினைத்தாராம். அதைப் பார்த்து நான் அழுதேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் நான்காவது கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

"போன வருசம் வரைக்கும் வர்றவங்க துணிய அவுத்து, குழி இருக்கான்னு பாத்துட்டுத்தான் வாங்குவாங்க. கட்டவெரல் ஜாம்னுதான் கேப்பாங்க. இந்த வருசம் குழி இல்ல. அன்னைக்கு அந்தக் கெட்ட பாட்டிலப் பாத்தா, மெழுகு நம்ம மெழுகு மாதிரியே வழுவழுன்னு இருக்கு. எது உங்கம்மா கை, எது எவன் கைன்னு எனக்கே தெரியல பாப்பா. அதான் மூஞ்சி மாறுச்சு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து, திரும்பி வந்த பாட்டில்களின் மெழுகை எல்லாம் கத்தி முனையால் நெம்பி எடுத்து, உருக்கி, மறுபடி ஊற்றினாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொன்றிலும் விரலை வைத்து அழுத்தினாள். லேபிள்களைச் சுரண்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மிச்சம் இருந்த லேபிள் பாட்டில்களையும் அப்பா கொண்டுவந்து போட்டார். வெந்நீர், சாம்பல், தேங்காய் நார் எதற்கும் என் பசை மசியவில்லை. பேனாக்கத்தியால் சுரண்டும்போது கத்தி நழுவி, பாட்டிலைப் பிடித்திருந்த இடது கட்டைவிரலை ஆழமாகக் கிழித்துவிட்டது. அம்மா மஞ்சளை வைத்துத் துணியால் கட்டினாள். பதினைந்து நாள் கழித்து ராவுத்தர் மாமா பாட்டில்களைப் பழைய தட்டிலேயே ஏற்றினார். கேட்டவர்களுக்கெல்லாம் துணியை அவிழ்த்துக் குழியைக் காட்டினார். ஆனால் விடுதி அம்மாள் மனம் மாறவில்லை, அந்த வருடமும் மாறவில்லை, பிறகும் மாறவில்லை. வில்பட்டிக் காயை வேண்டாம் என்று அம்மா சொல்லவும் இல்லை. சொல்லிவைத்ததை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று முழுவதையும் எடுத்துக் காய்ச்சினாள். விற்றது போக மிஞ்சியதை அடுத்த சீசன் வரை நாங்களும் தின்றோம், அக்கம்பக்கத்தாரும் தின்றார்கள். அதற்குப் பிறகு அவள் கடைசிவரை ஒரு கடை அளவுக்கு மேல் காய்ச்சியதே இல்லை. நான் கெடுத்தது அது.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். நாம் யார் என்றால், அழுத்திப் பார்க்காமல் மூடாத ஒருத்தியின் பிள்ளைகள். யாருக்காக என்றால், துணியை அவிழ்த்துப் பார்த்து வாங்கியவர்களுக்காக. சந்தேகப்பட்டு வாங்குகிறவர்களைக் கண்டு எரிச்சல்படாதே, அவர்கள்தான் திரும்பி வருவார்கள். என்ன வாக்குக் கொடுப்பது என்பதை ஜாம் காய்ச்சப் பிடித்திருக்கும் பாச்சலூர் ஷெட்டில் நீ முதல் பாத்திரத்தை இறக்கும்போது நீயாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், நானோ உன் நண்பரோ இங்கே உட்கார்ந்து எழுதித் தர முடியாது. அச்சடித்த எதையும் யாரும் அச்சடிக்கலாம். அம்மா மெழுகில் வைத்த குழி, ஜாமைத் தின்ன ஆரம்பிக்கும்போதே உடைந்துவிடும். அந்த பாட்டிலை எடுத்து வேறொருவன் எதை ஊற்றினாலும் குழி கூடவே போகாது. அதனால்தான் அதை நம்பினார்கள். நீ அதை எடுத்து லேபிளில் ஒட்டுகிறாய். பதின்மூன்று வயதில் நான் செய்ததையே, என்னைவிட நல்ல காகிதத்தில் செய்கிறாய்.

இதற்கு மேல்தான் நான் சொல்லத் தயங்கியது. பொங்கலுக்கு வந்தபோது நீ என் பழைய பெட்டியைக் குடைந்து, எட்டாம் வகுப்பு மார்க் அட்டையை எடுத்து, அம்மாச்சியின் கைநாட்டு என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோனாய். அட்டையில் நான்கு கட்டங்கள். அவற்றில் ஒன்றில்தான் ரேகை தெளிவாக இருக்கிறது, உன் நண்பர் அதைத்தான் எடுத்திருக்கிறார். அது மூன்றாவது கட்டம். கடைவீதிச் சம்பவத்துக்குப் பிறகு வந்த அட்டை அது. குணம் என்ற இடத்தில் டீச்சர் "அவசரப்பட்டுப் பிறர்மேல் பழி சொல்கிறாள்" என்று எழுதியிருந்தார். அம்மா அதை வழக்கம்போல ராவுத்தர் மாமாவிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்வாள். அவர் வாயால் அந்த வரியை அம்மா கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கட்டை அவிழ்த்து, என் எழுத்து மையைத் தடவி, என் இடது கட்டைவிரலை நானே வைத்தேன். சுத்தமான விரல், அளவான மை. அதனால்தான் அவ்வளவு தெளிவு. உன் நண்பர் அம்பு போட்டிருக்கும் தழும்பு, நான் ஒட்டியதை நானே சுரண்டியபோது பட்ட வெட்டு. இப்போதும் இருக்கிறது. வரும்போது காட்டுகிறேன், உன் லேபிளோடு வைத்துப் பார்.

அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த தடவை நான்காவது கட்டத்தில் விரல் வைக்கும் முன் மூன்றாவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் இடது கையை இழுத்து, திருப்பி, காய்ந்துபோன வெட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ராவுத்தர் மாமா அன்று நான்காவது கட்டத்தின் மார்க்கை மட்டும்தான் வாசித்தார். அம்மா அவருடைய மசிப்பெட்டியில் விரலைத் தோய்த்து, எப்போதும்போல அழுத்தி வைத்தாள்.

இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அச்சகத்துக்கு இன்றைக்கே ஃபோன் போடு. உன் நண்பரிடம் அந்த அட்டையை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல். அதில் ரேகையே தெரியாமல், அச்சுக்கு ஆகாத வெறும் கறையாக மூன்று இருக்கும். அவைதான் உன் அம்மாச்சி.

அம்மா